பழைய முழங்கால்களின் மேல்

கூரியர்காரருக்காக நான் எழுதி வாசலில் ஒட்டியிருந்த சீட்டு, சாயங்காலம் என் வீட்டுக் கதவிடுக்கில் செருகியிருந்தது. சிவப்பு மையில் ஒரு சொல்லை அடித்து, அதன் மேலே வேறு சொல் எழுதியிருந்தது. கீழே வட்டத்துக்குள் 3.

செக் நாட்டுப் பள்ளிகளில் 1 என்றால் முதல் தரம், 5 என்றால் தேறவில்லை. 3 என்பது ‘ஏதோ ஒப்பேற்றிவிட்டாய்’ ரகம்.

நாங்கள் இருப்பது பிர்னோ நகரத்தின் லெஸ்னா குடியிருப்பில். 1960களில் கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய மாடி வீடுகள், பனெலாக் என்பார்கள். மூன்றாம் மாடியில் தனியாக இருப்பவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அன்று அவருக்குப் பார்சல் வருவதாக இருந்தது, அவரோ டாக்டரிடம் போயிருந்தார். ‘மூன்றாம் மாடி வயதான அம்மாவின் பார்சலை என்னிடம் கொடுங்கள்’ என்று செக்கில் எழுதி ஒட்டினேன். பெயரையே எழுதியிருக்கலாம்தான். ஆனால் அவருடைய குடும்பப் பெயரில் ‘ர’வும் ‘ஷ’வும் ஒரே மூச்சில் உரசிக்கொண்டு வருகிற அந்தப் பிரசித்தமான செக் எழுத்து இருந்தது. எனக்கு அதைச் சொல்லவும் வராது, கொக்கியை எந்த எழுத்தின் தலையில் போடுவது என்ற சந்தேகமும் தீராது. எதற்கு வம்பு என்று ‘ஸ்தரா பனீ’ என்று எழுதிவிட்டேன். பனீ என்றால் அம்மணி. நம் ஊர்ப் பனியைக் கொஞ்சம் நீட்டினால் போதும். ஸ்தரா என்றால் வயதான.

அவர் ‘ஸ்தரா’வை அடித்துவிட்டு ‘ஸ்தர்ஷீ’ என்று போட்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவைப் பாதி திறந்து நின்றபடியே பாடம் நடத்தினார். “ஸ்தரா பனீ படுக்கையில் கிடப்பாள். ஸ்தர்ஷீ பனீ ஷலினாவில் ஏறி, நின்றுகொண்டே மார்க்கெட்டுக்குப் போவாள்.” ஷலினா என்பது டிராமுக்குப் பிர்னோக்காரர்கள் வைத்திருக்கும் பெயர். ப்ராகில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்தரா என்றால் வயதான என்றால், ஸ்தர்ஷீ அதன் ஒப்பீட்டு வடிவம்: அதைவிட வயதான. பள்ளிக்கூட இலக்கணப்படி இரண்டாவதற்குத்தான் வயது கூட. ஆனால் ஒரு மனிதரைச் சொல்லும்போது தலைகீழ். ஸ்தர்ஷீ பனீக்கு அறுபது, அறுபத்தைந்து. ஸ்தரா பனீக்கு எண்பத்தைந்து. யாரைவிட வயதானவர் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவதில்தான் சூட்சுமம். கேட்பவர் தாமாகவே யாரோ ஒரு சின்னப் பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தி, ‘ஆமாம், இவளைவிடக் கொஞ்சம் மூத்தவர்’ என்று நினைத்துக்கொள்வார். மரியாதை காப்பாற்றப்பட்டுவிடும்.

வீட்டுக்கு வந்து யோசித்தால், ஆங்கிலத்திலும் இதே கதைதான். ‘ஓல்டர் வுமன்’ என்பவள் ‘ஓல்ட் வுமன்’ என்பவளைவிட இளையவள். இத்தனை வருடம் அந்த மொழியில் சம்பளம் வாங்கியும் நான் இதைக் கவனித்ததில்லை. ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான குழு 1995இல் முதியோர் உரிமை பற்றி எழுத உட்கார்ந்தபோது, புழக்கத்தில் இருந்த பல பெயர்களை ஒதுக்கிவிட்டு ‘ஓல்டர் பர்சன்ஸ்’ என்பதைத்தான் எடுத்துக்கொண்டது. அக்டோபர் 1 அவர்களுக்கான நாள். ஆக, உலகமே ஒப்பீட்டு வடிவத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது.

(முதுமை என்ற பெயர்ச்சொல்லுக்குச் செக்கில் ‘ஸ்தார்ஷீ’. நடுவில் இருப்பது அந்த உரசல் எழுத்து. என் வாயில் ஸ்தர்ஷீயும் ஸ்தார்ஷீயும் ஒன்றுபோலவே வரும். ‘ஒரு மூத்த அம்மா’ என்று சொல்ல நினைத்து ‘ஒரு முதுமை அம்மா’ என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன் போல. யாரும் திருத்தவில்லை.)

தமிழில் இந்த ஒளிவுமறைவு வேறு மாதிரி. நம்மிடம் ‘வயசு’ என்ற சொல் தனியாக நின்றால் அது இளமை. வயசுப் பொண்ணு, வயசுக் கோளாறு, வயசுக்கு வந்தாச்சு. அதே சொல்லோடு ‘ஆன’ சேர்ந்தால் முதுமை. வயசானவர். சோறு ஆயிற்று என்பதுபோல, இருந்தது தீர்ந்துவிட்டது. இதை டீச்சரிடம் விளக்கிச் சொன்னபோது, ரொம்ப நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உங்கள் மொழி கொஞ்சம் கொடூரம்” என்றார்.

டீச்சர் என்று நான் அவரைச் சொல்வதற்கும் ஒரு கதை உண்டு. நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில், உறைந்துபோன படிக்கட்டில் அவர் பையோடு தடுமாறுவதைப் பார்த்து ஓடிப்போய் ‘பபிச்கோ’ என்று கூப்பிட்டேன். பபிச்கா என்றால் பாட்டி. ‘பபிச்கோ’ என்பது விளி. ஆமாம், செக்கிலும் விளி வேற்றுமை இருக்கிறது, நம் எட்டாம் வேற்றுமை அங்கே ஐந்தாவது. அதைச் சரியாகப் போட்டுவிட்ட பெருமையில் இருந்தேன். அவர் பையை என்னிடம் கொடுக்காமல், “நான் உங்கள் பாட்டி இல்லை” என்றார். அவ்வளவுதான். படி ஏறிப் போய்விட்டார்.

நம் பேருந்தில் ‘பாட்டி, இப்படி உக்காருங்க’ என்றால் அது பாசம். உறவுப் பெயரைக் கொடுத்தால்தான் ஒரு ஆளுக்கு நம் பேச்சில் இடமே கிடைக்கிறது. செக்கில் பபிச்கா அருமையான சொல்தான்; அதையே தலைப்பாக வைத்து 1855இல் ஒரு நாவலை எழுதியவரின் முகம் இன்று 500 கொருனா நோட்டில் இருக்கிறது. ஆனால் அது பேரக்குழந்தையின் வாய்க்கு மட்டும் உரிய சொல். வெளியாள் சொன்னால் வேறு ஒன்றாகிவிடுகிறது: ‘உனக்கு இனிப் பெயர் கிடையாது, பாட்டி என்கிற ரகம் மட்டும்தான்.’ ஆஸ்பத்திரி நர்ஸுகள் ‘பபி, மாத்திரை போட்டாச்சா’ என்று கேட்பதை இங்கே பலர் வெறுக்கிறார்கள். என்ன கூப்பிடட்டும் என்று மறுவாரம் கேட்டேன். ‘பனீ உச்சிதெல்கோ’ என்றார். ஆசிரியை அம்மா. இங்கே பள்ளிப் பிள்ளைகள் கூப்பிடுவது அப்படித்தான். அது நமக்குக் கைவந்த கலையாயிற்றே. அன்றிலிருந்து டீச்சர்.

பபிச்கோ என்றதற்கு அவர் முகம் போன போக்கு எனக்குப் புதிதல்ல. இங்கே வருவதற்கு முன் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் ஆறு வருடம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தேன். முதல் நாள் பயிற்சியிலேயே எந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று பட்டியல் போட்டார்கள். ‘ஓல்ட்’ கூடாது. ‘எல்டர்லி’யும் கூடாது, அதுவும் மங்கிவிட்டது. நோயாளி இல்லை, ‘ரெசிடென்ட்’. பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு தேநீர் அறைக்குப் போனால் அங்கே வேறு அகராதி. ‘ரிங்க்ளீஸ்’ என்றால் சுருக்கம் விழுந்தவர்கள். ‘காஃபின் டாட்ஜர்’ என்றால் சவப்பெட்டிக்கு டிமிக்கி கொடுப்பவர். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் ‘பெட் பிளாக்கர்’ ஒருவரை அனுப்புகிறோம் என்பார்கள். உடம்பு தேறியும் போக இடமில்லாமல் கட்டிலை அடைத்துக்கொண்டிருக்கும் கிழவர் என்று அர்த்தம். காகிதத்தில் எவ்வளவு மெருகோ, வாயில் அவ்வளவு கரடு.

நடுவில் ஒரு மூன்றாவது பேச்சும் உண்டு. குழந்தையிடம் பேசுவதுபோல இழுத்து, ஒவ்வொன்றையும் ‘நாம்’ போட்டுப் பேசுவது. ‘எல்டர்ஸ்பீக்’ என்று இதற்கு ஆங்கிலத்தில் பெயரே வைத்திருக்கிறார்கள். நானும் பேசியிருக்கிறேன். கப்பலில் எஞ்சினியராக இருந்த ஒரு பெரியவரிடம், ‘நாம் இப்போது குளிக்கலாமா?’ என்று கேட்டேன். அவர் தொட்டியை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, “ரெண்டு பேருக்கு இடம் பத்தாதும்மா” என்றார். அதற்கப்புறம் ‘நாம்’ போடுவதை விட்டேன்.

அந்த ஆறு வருடத்தில் சேர்த்த ஆங்கிலச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பிர்னோவில் டீச்சரிடம் செக் கற்றுக்கொள்ளப் போனபோது அதைத்தான் கொண்டுபோனேன். இடது பக்கம் ஆங்கிலம் ஏற்கெனவே இருந்தது. வலது பக்கம் காலி. அதை நிரப்புவதுதான் பாடம். வாரத்துக்கு இரண்டு மத்தியானம், கூலிக்குப் பதில் அவருக்குக் கடைச் சாமான்.

வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் ஆங்கிலக்காரர்கள் முதுமையைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போவது எனக்குத் தெரிந்தது. ‘அவள் ஒன்றும் வசந்தகாலக் கோழிக்குஞ்சு இல்லை’ என்பார்கள். ‘பல் நீண்டுவிட்டது’ என்பார்கள். வயதாக ஆகக் குதிரைக்கு ஈறு பின்வாங்கிப் பல் நீளமாகத் தெரியும், வாங்க வந்தவன் வாயைத் திறந்து பார்ப்பான். வயதுக்குப் பொருந்தாமல் சிங்காரித்தவள் ‘ஆட்டுக்குட்டி வேஷம் போட்ட கிடாக்கறி’. நவீனமாகச் சொன்னால் ‘விற்பனைத் தேதி தாண்டியவர்’. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான்: இதற்கு இனி என்ன விலை கிடைக்கும்?

டீச்சர் வலது பக்கத்தை நிரப்ப நிரப்பச் சந்தை மறைந்து தோட்டமும் உடம்பும் வந்தன. ஆங்கிலத்தில் நல்ல முதுமைக்கு ‘ரைப் ஓல்ட் ஏஜ்’, பழுத்த வயது. செக்கில் ‘பொஜெஹ்னனீ வ்யெக்’, ஆசீர்வதிக்கப்பட்ட வயது. அதே அடைமொழியோடு ‘ஆசீர்வதிக்கப்பட்ட நிலை’ என்றால் கர்ப்பம். ஐம்பதைத் தாண்டிய ஆண் திடீரென்று புதுச் சட்டை, புதுக் காதலி என்று திரிந்தால், ‘அவனுக்கு இரண்டாவது சாறு ஏறியிருக்கிறது’ என்பார்கள். ‘த்ருஹா மீஸா’. மரத்தில் ஏறும் சாறுதான். ஆனால் கிழக் காதல் பற்றிய எச்சரிக்கையும் உண்டு: பழைய வைக்கோல் கொட்டகை பற்றிக்கொண்டால் அணைப்பது கஷ்டம். வயதானவர்களை வீடு மாற்றச் சொன்னால் வரும் பதில்: பழைய மரத்தைப் பிடுங்கி நடமாட்டார்கள். டீச்சரின் மகள் வருடத்துக்கு இரண்டு தடவை ப்ராகிலிருந்து வந்து, ‘எங்களோடு வந்துவிடு’ என்று சொல்லும்போது அவர் இதைத்தான் சொல்வார். மகளும் பாதியிலேயே சேர்ந்து சொல்லி முடிப்பார்.

செக்குக்காரர்கள் மென்மையானவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ‘கிடாக்கறி’க்கு இணை கேட்டதும் டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஸெஸது லித்ஸேயும், ஸெப்ர்ஷெது முஸேயும்.” பின்னாலிருந்து பார்த்தால் பெண்கள் பள்ளிக்கூடம், முன்னாலிருந்து பார்த்தால் மியூசியம். எதுகையில்தான் விஷமே இருக்கிறது. சொல்லிவிட்டு அவரே சிரித்து, நான்காம் மாடியைக் கண்ணால் காட்டினார்.

எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் கிழவருக்கு ‘பப்ர்த்யா’. ஆங்கிலத்தில் ‘ஓல்ட் ஃபோகி’ என்று நோட்டில் இருந்தது. கல்யாணம் ஆகாத பெண் ‘கிழட்டுக் கன்னி’, ஆண் ‘கிழட்டு வாலிபன்’. எந்த மொழியிலும் கன்னிக்குத்தான் உறைப்பு அதிகம், வாலிபனுக்கு மாப்பு. இதையெல்லாம் வேகமாகத் தாண்டிவிட்டோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது முழங்கால். வயதான காலத்தில் ஒன்றைச் செய்தால், ‘ந ஸ்தரா கொலெனா’ செய்தேன் என்பார்கள். பழைய முழங்கால்களின் மேல். ‘பழைய முழங்கால்களின் மேல் நின்று ஆங்கிலம் படிக்கிறேன்’, ‘பழைய முழங்கால்களின் மேல் நாய் வளர்க்கிறேன்’. தலை நரைத்தது, கண் மங்கியது என்று எத்தனையோ இருக்க, முழங்காலைப் பிடித்தது பாருங்கள். முதுமை முதலில் வருவது அங்கேதான் என்பது எந்த மாடிப்படிக்கும் தெரியும். இந்தத் தொடரில் புலம்பல் கம்மி. பெரும்பாலும் ஏதோ புதிதாகத் தொடங்கியதைச் சொல்லவே பயன்படுத்துகிறார்கள். நமக்கு ‘இந்த வயசுல இது தேவையா’ என்று எதிராளி கேட்பதற்குத்தான் வாக்கியம் இருக்கிறது. கேட்கப்பட்டவர் தலைநிமிர்ந்து சொல்ல இப்படி ஒன்று இல்லை.

மறதியைப் பற்றி இரண்டு பேரும் சமம். ஆங்கிலத்தில் ‘சீனியர் மொமன்ட்’ என்று பட்டும்படாமல் சொல்வார்கள். செக்குக்காரர்கள் சாவியைத் தேடும்போது ‘எனக்கு ஸ்கிலெரோஸா’ என்பார்கள், இருபது வயதுப் பையன்கூட. ரத்தக்குழாய் இறுகுவது என்ற மருத்துவச் சொல்தான் வீட்டுக்குள் வந்து மறதியாகிவிட்டது. ‘ஸ்கிலெரோஸா வலிக்காது, ஆனால் நடையாய் நடக்க வைக்கும்’ என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஜோக். டீச்சர் கடையில் காசு கொடுத்துவிட்டு வெண்ணெயை அங்கேயே வைத்துவிட்டு வந்த நாளில், நான்தான் திரும்ப நடந்தேன். “பார், நடப்பது உனக்கு” என்று அன்று மட்டும் வாய்தவறி ஒருமையில் சொன்னார்.

இன்னொரு சொல்லை அவர் ஜோக்கில் சேர்ப்பதில்லை. அல்ஸைமர். அவருடைய கணவருக்கு வந்தது அதுதான். அந்த மத்தியானம் பாடம் நடக்கவில்லை. ஒரு மருத்துவரைப் பற்றிச் சொன்னார். ஓஸ்கர் ஃபிஷர். ப்ராகில் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் இருந்த யூதர். நோய்க்குத் தன் பெயரைக் கொடுத்த ஜெர்மன் மருத்துவர் அல்ஸைமர், 1906இல் தன் நோயாளியைப் பற்றிப் பேசினார்; அந்தப் பெண் மருத்துவமனைக்கு வந்தபோது அவளுக்கு வயது 51. அடுத்த வருடமே ஃபிஷர், உண்மையிலேயே முதியவர்களாக இருந்து புத்தி தடுமாறி இறந்த 16 பேரின் மூளையைப் பார்த்து, 12 பேரிடம் அதே மாதிரியான படிவுகளைக் கண்டு எழுதினார். 1910இல் பாடநூலில் நோய்க்குப் பெயர் விழுந்தபோது ஒருவர் பெயர்தான் விழுந்தது. ஃபிஷர் 1942இல் தெரெஸீன் கோட்டைச் சிறையில் செத்துப்போனார். “நோயின் பெயரை மறந்தால் பரவாயில்லை. இவர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்” என்றார் டீச்சர். நோட்டில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே எழுதியிருக்கிறேன்.

அரசாங்கச் சொற்களுக்கு வருவோம். ஓய்வூதியம் வாங்குபவர் ‘தூஹொத்ஸே’. தூஹொத் என்றால் வருமானம். தேசிய வருமானத்துக்கும் அதே சொல்தான். ஆக, தூஹொத்ஸே என்பவர் வருமானம் உள்ளவர். நல்ல சொல்லாகத்தானே இருக்கிறது? அதுவும் தேய்ந்து, பஸ்ஸில் இடம் பிடிக்கும் கிழடு என்ற வாடை வந்துவிட்டது. 2006இல் வந்த சமூக சேவைச் சட்டம் முதியோர் இல்லத்துக்கு ‘செனியோர்’களுக்கான இல்லம் என்று பெயர் வைத்தது, அதற்கு முன் அது தூஹொத்ஸேக்களின் இல்லம். டீச்சருக்கு இந்தப் புதுச் சொல் பிடிக்காது. “ஐஸ் ஹாக்கியில் இருபது வயதுப் பையன் செனியோர். நான் எந்த அணியில் ஆடுகிறேன்?” என்பார். நம் ரயில் நிலையத்து ‘மூத்த குடிமக்கள்’ பற்றிச் சொன்னேன். மூத்த குடி என்றால் எங்களுக்கு வேறொரு பெருமையும் உண்டு என்று விளக்கப்போய், பாதியில் விட்டுவிட்டேன்.

நோட்டின் இடது பக்கம் காலியாக, வலது பக்கம் மட்டும் எழுதிய சொல் ஒன்றே ஒன்றுதான். வீம்ஞெனெக். பேச்சில் வெய்மினெக்.

அதைச் சொல்லால் விளக்காமல், அலமாரி மேலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுக்கச் சொன்னார். உள்ளே நான்காக மடித்த தடித்த காகிதம். மடிப்பெல்லாம் பழுப்பேறி, ஒரு மூலையில் முத்திரை வில்லை. அவருடைய பாட்டி, விஸொச்சினா மேட்டுநிலத்து விவசாயக் குடும்பம், முப்பதுகளில் நிலத்தையும் வீட்டையும் மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்தபோது போட்ட ஒப்பந்தம். அந்தக் காலத்தில் விவசாயிக்கு ஓய்வூதியம் என்று ஒன்று கிடையாது. அதனால் சொத்தைக் கை மாற்றும்போதே, சாகும்வரை பெற்றவர்களுக்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்று எழுதிக்கொள்வார்கள். முற்றத்தில் ஒரு தனி அறையோ, சின்ன வீடோ. அதற்கும், அதில் கிடைக்கும் பாத்தியதைக்கும் சேர்த்துத்தான் அந்தப் பெயர்.

விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பின்கட்டில் ஒரு அறை, அடுப்புச் சுவரை ஒட்டியது. தினம் ஒரு லிட்டர் பால், பசு வற்றிய மாதங்களில் அரை. ரை தானியம், உருளைக்கிழங்கு, முட்டை, இத்தனை இத்தனை. விறகு, பிளந்ததாக. கிணற்றுக்குப் போக முற்றத்தைக் கடக்கும் உரிமை. கொல்லையில் கிணற்றோரப் பிளம் மரத்தின் பழம் முழுவதும், மற்ற மரங்களில் ஒன்றும் இல்லை. கடைசியில், கௌரவமான அடக்கம்.

‘பிளந்ததாக’ என்ற சொல்லில் அவர் விரல் நின்றது. விறகு தருகிறேன் என்று முழுக் கட்டையைக் கொண்டுவந்து போட்டால், எழுபது வயதுக்காரி என்ன செய்வாள்? யாரோ ஒருத்திக்கு அப்படி நடந்திருக்கும். அதிலிருந்து அந்த ஊரில் எல்லோரும் ‘பிளந்ததாக’ என்று எழுதிக்கொண்டார்கள். பெற்ற பிள்ளையிடம் போய் இதையா எழுதி வாங்குவார்கள் என்று எனக்கு முதலில் பட்டது. அப்புறம் நம் ஊரில் எழுதாமல் நம்பிக் கொடுத்துவிட்டு, சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் முகங்கள் ஞாபகம் வந்தன. முற்றத்தைக் கடக்கும் உரிமையை எழுதி வாங்கியவள் விவரமானவள்.

1949க்கு அப்புறம் நிலங்கள் கூட்டுறவுப் பண்ணைகளுக்குப் போனதும் அந்த ஏற்பாடும் போயிற்று. சொல் மட்டும் வேடிக்கையாக மிஞ்சியிருக்கிறது: ‘நான் வெய்மினெக்குக்குப் போகிறேன்’ என்றால் ரிட்டயர் ஆகிறேன். இங்கிலாந்தில் ‘கிரானி ஃபிளாட்’ இருக்கிறதே என்றேன். “அதில் பால் உண்டா?” என்று கேட்டார். இடது பக்கம் காலியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஆங்கிலத்தின் பக்கம் ஒரே ஒரு காகிதத்தைக் காட்டினேன், போனில். எலிசபெத் ராணி 2022 செப்டம்பர் 8ஆம் தேதி பால்மோரலில் இறந்தார். அந்த மாதக் கடைசியில் வெளியான இறப்புச் சான்றிதழில் காரணம் என்ற கட்டத்தில் இரண்டே சொல்: ‘ஓல்ட் ஏஜ்’. லெஸ்டர் பயிற்சியில் எங்களைச் சொல்ல விடாத சொல். செக்கிலும் பழைய பதிவேடுகளில் ‘வயதால் தளர்ந்து’ என்று எழுதுவதுண்டு என்றார் டீச்சர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ராணியின் வயதைப் பார்த்தார். 96. “பத்து வருடம் இருக்கிறது எனக்கு” என்றார்.

செப்டம்பர் கடைசியில், குளிர் வருவதற்கு முன் ஒரு பத்து நாள் வெயில் திரும்பி வரும். ஆங்கிலத்தில் ‘இந்தியன் சம்மர்’. அமெரிக்கப் பழங்குடிகள்தான் அந்த இந்தியர்கள், நமக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. செக்கில் ‘பபீ லேதோ’, கிழவிகளின் கோடை. அந்த நாட்களில் காற்றில் மிதக்கும் சிலந்தி நூலுக்கும் அதே பெயர், நரைமுடி மாதிரி இருப்பதால் என்பார்கள். ஜெர்மனியிலும் இதே பெயர்தான். அங்கே ஒரு மூதாட்டி இது எங்களை அவமதிப்பது என்று வழக்கே போட்டு, 1989இல் டார்ம்ஷ்டாட் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. டீச்சரிடம் சொன்னதும், “எனக்கு வேண்டாத சொல் எத்தனையோ இருக்கிறது. கோடையை ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும்?” என்றார்.

அந்த வெயிலில்தான், கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சில், அவருடைய பிறந்தநாள் வந்தது. ‘யெ மி ஒஸ்ம்தெஸாத் ஷெஸ்த் லெத்’ என்றார். எனக்கு எண்பத்தாறு வயது. ஆங்கிலக்காரன் ‘நான் எண்பத்தாறு’ என்கிறான், அந்த எண்ணாகவே ஆகிவிடுகிறான். செக்கில் ‘எனக்கு’. தமிழிலும் ‘எனக்கு’. அதைச் சொன்னேன். அவர் இன்னொன்று காட்டினார். ஒன்றிலிருந்து நான்குவரை வருடத்துக்கு ஒரு சொல், ஐந்திலிருந்து ‘லெத்’. அது கோடை என்ற சொல்லின் வடிவம். ஐந்து வயதுக்கு மேல் எல்லோரும் கோடைகளைத்தான் எண்ணுகிறார்கள்.

கைப்பையிலிருந்து சின்னப் புட்டியையும் இரண்டு கிண்ணத்தையும் எடுத்தார். ஸ்லிவொவிட்ஸே, பிளம் பழச் சாராயம். எனக்குப் பழக்கமில்லை, உதட்டை நனைத்தேன். செக்கில் நம்மைப் போலவே நீ, நீங்கள் உண்டு: ‘தி’, ‘வி’. ‘தி’ போட்டுப் பேசலாம் என்று முன்மொழிவது வயதில் மூத்தவரின் உரிமை, இளையவர் கேட்கக்கூடாது.

“நான் ஸ்தர்ஷீ. அதனால் நான்தான் கேட்க வேண்டும்” என்றார். இந்தத் தடவை பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட ஆள் இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் நான். கிண்ணத்தை என் கிண்ணத்தில் இடித்துவிட்டுத் தன் முதற்பெயரைச் சொன்னார். இனி அதைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், ‘தி’ போட்டு.

எண்பத்தாறு வயதுக்காரரைப் பெயர் சொல்லி, நீ போட்டு. வாயைத் திறந்தேன். ‘நீங்கள், டீச்சர்’ என்றுதான் வந்தது. இன்றுவரை அப்படித்தான் வருகிறது. ஒவ்வொரு தடவையும் மூன்று விரலைத் தூக்கிக் காட்டுகிறார். போன செவ்வாய்க்கிழமை நான்கு.